நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? சந்திப்பு ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆராதனை முடிந்து "சந்திப்பு ஊழியத்தில் சேர யாருக்கு விருப்பம்?" என்று ஆயர் கேட்கும்போது கையைத் தூக்குவது எளிது. அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், வார்டு எது, கட்டில் எது என்று தெரியாமல், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நிற்கும்போதுதான் "போய் என்ன பேசுவது?" என்ற பயம் வரும். அந்தப் பயத்தோடு நிற்பவர்களுக்காகத்தான் இது. தமிழ்நாட்டுச் சபைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எதுவாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு ஆறுதல். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது, "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்பது மட்டுமே. குணமாக்கினீர்கள் என்றோ, நோய் ஏன் வந்தது என்று விளக்கினீர்கள் என்றோ அங்கே இல்லை. போய் விசாரிப்பது உங்கள் வேலை. மற்றதை டாக்டரும் ஆண்டவரும் பார்த்துக்கொள்வார்கள்.

கிளம்பும் முன்

போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். நோயாளியிடம் கேட்பதைவிடக் கூட இருப்பவரிடம் கேட்பது நல்லது. "வரலாமா, எப்போது வரலாம், ஏதாவது வாங்கி வரவா" என்ற மூன்று கேள்விகள் போதும். "இன்றைக்கு வேண்டாம்" என்றால் சரி என்று வைத்துவிடுங்கள். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை முடிந்து வந்த அன்று யாரையும் பார்க்கப் பிடிக்காது. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து பாதிச் சபையே மருத்துவமனைக்குப் போகும். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், நர்ஸ் வந்து விரட்டுவார். செவ்வாய், புதனில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் அந்த நாட்களில் போங்கள்.

உங்களுக்குச் சளியோ இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகவே வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் கீமோ எடுப்பவருக்கும் உங்கள் சாதாரண ஜலதோஷம் பெரிய ஆபத்து. சிறு பிள்ளைகளையும் கூட்டிப் போகாதீர்கள்.

இருவராகப் போவது நல்லது. சீஷர்களையும் ஆண்டவர் இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார். பெண் நோயாளி என்றால் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இருவருக்கு மேல் போனால் பேச்சு தானாகவே உங்களுக்குள் திரும்பிவிடும். நோயாளி கட்டிலில் படுத்துக்கொண்டு உங்கள் சபைக் கமிட்டிச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கையில் என்ன கொண்டு போவது

ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி, பிஸ்கட். நம் ஊரில் மருத்துவமனைக்குப் போவதென்றாலே இந்தப் பட்டியல்தான். சர்க்கரை நோயாளியின் கட்டிலடியில் நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாக நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதில் விளையாட்டல்லாத ஒரு விஷயம் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிக்கு இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாம் ஆபத்தாகலாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியேற்றாது, ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர்களுக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு. "இளநீர் குளிர்ச்சிதானே, ஒரு வாய் குடிங்க" என்று அன்பாக ஊட்டிவிட்டு வருவது எவ்வளவு பெரிய தீங்கு என்று யோசித்துப் பாருங்கள். ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடப்பவருக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்கக் கூடாது. கூட இருப்பவரிடமோ நர்ஸிடமோ கேட்காமல் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். ஐ.சி.யூ. பக்கம் பூங்கொத்தும் வேண்டாம்.

அப்படியென்றால் என்னதான் கொண்டு போவது? அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் தேவைப்படுவது வேறு சில பொருட்கள்: பிளாஸ்கில் வெந்நீர், நீளமான ஒயருள்ள போன் சார்ஜர், பாய், போர்வை, கொசுவத்தி அல்லது கொசு விரட்டும் கிரீம், சில்லறையாக நூறு ரூபாய், ஒரு சோப்பு, பழைய துணிகள். கூட இருப்பவருக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். இவற்றில் எது வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடலாம்.

கட்டில் பக்கத்தில்

கையைக் கழுவுங்கள். நர்ஸ் ஊசி போடவோ டாக்டர் ரவுண்ட்ஸ் வரவோ நேர்ந்தால், சொல்லாமலே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். ஸ்டூல் இருந்தால் அதில் உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் படுத்திருப்பவர் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டும், நீங்களும் எப்போது கிளம்பலாம் என்று நிற்பதுபோல் இருக்கும்.

பெயரைச் சொல்லி, யார் என்று சொல்லுங்கள். "என்னைத் தெரியுதா?" என்று வயதானவர்களைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் அவர் கூசிப்போவார். "அண்ணாச்சி, நான் கிழக்குத் தெரு கிரேஸ், உங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காருவேன்" என்று நீங்களே சொல்லிவிட்டால் முடிந்தது.

அப்புறம் கேளுங்கள். எரிகோவில் பர்திமேயுவைப் பார்த்ததும் ஆண்டவர், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார். பார்வையில்லாத ஒருவனுக்கு என்ன வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் அவன் வாயாலேயே சொல்ல விட்டார். நாமோ வரும்போதே முடிவு செய்துகொண்டு வருகிறோம். கட்டிலில் இருப்பவருக்கு வலியைப் பற்றிப் பேசத் தோன்றாமல், வீட்டில் விட்டுவந்த ஆட்டுக்குத் தழை போட்டார்களா என்பதே கவலையாக இருக்கலாம். அந்தக் கவலையைக் கேளுங்கள். முடிந்தால் போய் ஆட்டைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவும் ஊழியம்தான்.

பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். அவர் கண்ணை மூடினால், கை போர்வையை இழுத்தால், பதில் ஒற்றைச் சொல்லாகக் குறைந்தால் கிளம்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் இருங்க" என்று அவராகச் சொன்னால் மட்டும் இருங்கள்.

பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருங்கள். இது புதியவர்களுக்கு மிகவும் கஷ்டம், எனக்குத் தெரியும். யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்த உடனே ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது தேற்ற வந்து தொல்லை தருகிறவர்கள், என்று யோபுவிடம் திட்டு வாங்கினார்கள்.

சொல்லக் கூடாதவை

இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நல்ல எண்ணத்தோடு போகிறவர்கள்தான் இந்தப் பேச்சுகளைப் பேசிவிட்டு வருகிறார்கள்.

"என் சித்தப்பாவுக்கும் இதேதான் வந்தது..." என்று தொடங்காதீர்கள். அந்தக் கதை எப்படி முடியும் என்று படுத்திருப்பவருக்குத் தெரியும்.

"விசுவாசம் இருந்தால் இந்நேரம் சுகமாகியிருக்கும்." நோயில் படுத்திருப்பவர் மேல் குற்றத்தையும் ஏற்றி வைப்பதற்குப் பெயர் விசுவாசம் கிடையாது. அப்போஸ்தலன் பவுலுக்கே மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன ஒரு வேதனை இருந்தது. மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை.

"ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கா?" பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ? இரண்டும் இல்லை என்று ஆண்டவர் அங்கேயே மூடிய கேள்வியை நாம் வார்டுக்கு வார்டு திறந்துகொண்டிருக்கிறோம்.

"மாத்திரையை நிறுத்திட்டு ஜெபத்தை நம்புங்க" என்பது எல்லாவற்றிலும் மோசம். வலிப்பு, சர்க்கரை, மனநோய், காசநோய் ஆகியவற்றுக்கு மருந்தை இடையில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். 1900-இல் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மாற்கு சுவிசேஷ வசனத்தை ஒட்டியதுதான் அதன் குறிக்கோள் வாசகம். ஜெபத்தோடு தொடங்கி ஆபரேஷனுக்குப் போகிற இடம் அது. ஜெபமா மருந்தா என்று நோயாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல நாம் யார்?

வசனமும் ஜெபமும்

கேட்டுவிட்டு ஜெபியுங்கள். "ஜெபிக்கலாமா? எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டால், பல நேரம் நீங்கள் எதிர்பார்க்காத பதில் வரும். "தூக்கம் வரணும்னு கேளுங்க." "மகன் போன் பண்ணணும்னு கேளுங்க." அதையே கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். வார்டில் இருபது கட்டில் இருக்கிறது, தாழ்ந்த குரல் போதும். ஆண்டவருக்குக் காது கேட்கும். ஜெபத்துக்குள் பிரசங்கம் செய்யாதீர்கள். "இந்தச் சகோதரன் இனியாவது ஒழுங்காக ஆலயத்துக்கு வர உதவி செய்யும்" என்று ஜெபத்தில் குத்துகிற பழக்கம் நம் சபைகளில் உண்டு. கண்ணை மூடியிருக்கும் மனிதனால் பதிலும் சொல்ல முடியாது. நியாயமா இது?

வசனம் வாசித்தால் குட்டியாக வாசியுங்கள். 23-ஆம் சங்கீதம் ஆறு வசனம், 121-ஆம் சங்கீதம் எட்டு. மனம் கசந்திருப்பவருக்கு 13-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குகிறது. இப்படியும் கடவுளிடம் பேசலாம் என்று வேதமே சொல்வதைக் கேட்டுச் சிலர் அழுதுவிடுவார்கள். அழட்டும். 91-ஆம் சங்கீதத்தை நாம் எங்கே போனாலும் வாசிப்போம். புற்றுநோய் வார்டில் நான் வாசிக்க மாட்டேன். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும் விழுந்தாலும் அது உன்னை அணுகாது" என்று வாசிக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வயதானவர்களுக்கு வசனத்தைவிடப் பாட்டு. பெற்ற பிள்ளைகளின் பெயரே மறந்துபோனவர்கள்கூட, சின்ன வயதில் பாடிய கீர்த்தனையை மெல்லத் தொடங்கினால் இரண்டாவது வரியில் சேர்ந்துகொள்வதுண்டு. அவர்கள் காலத்துப் பாட்டாக இருக்கட்டும், போன மாதம் யூடியூபில் வந்தது வேண்டாம்.

எண்ணெய் பூசி ஜெபிப்பது, நற்கருணை கொடுப்பது எல்லாம் ஆயர், மூப்பர், குருவானவர் வேலை. நோயாளி கேட்டால் அன்றைக்கே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருப்பார். கிளம்பும்போது அவரையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். பழம் கொண்டு போனீர்கள் என்றால் அவருக்கும் கொடுங்கள், அவருக்குச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டு. "எங்களுக்கும் ஜெபிங்க" என்று அவராகக் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். தலையணைக்கு அடியில் துண்டுப் பிரசுரம் செருகி வைப்பது, எழ முடியாமல் படுத்திருப்பவரிடம் மணிக்கணக்கில் பேசுவது இரண்டும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எழுந்து போக முடியாதவரிடம் காட்டுகிற இரக்கத்துக்கு விலை கேட்கக் கூடாது. நல்ல சமாரியன் காயம் கட்டினான், தன் மிருகத்தின்மேல் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், காசு கொடுத்தான். காயம்பட்டவனிடம் நீ எந்த மலையில் தொழுகிறாய் என்று அவன் கேட்டதாக எழுதியிருக்கவில்லை.

கூட இருப்பவர்

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இவரைத்தான். நோயாளிக்குக் கட்டில் உண்டு, சாப்பாடு உண்டு, பார்க்க டாக்டர் உண்டு. கூட இருக்கும் மனைவியோ அம்மாவோ வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறார், வாங்கி வந்த இட்லியில் பாதியை மிச்சம் பிடிக்கிறார், மருந்துச் சீட்டோடு மாடி ஏறி இறங்குகிறார். எல்லாரும் வந்து அவரிடம் "எப்படி இருக்கார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

"நீங்க போய்க் குளிச்சிட்டுச் சாப்பிட்டு வாங்க, ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். நீண்ட ஜெபத்தைவிட இது உதவும். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது, தேவதூதன் முதலில் புத்தி சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் விசாரியுங்கள். பள்ளிக்கு யார் அனுப்புகிறார்கள், இரவு யார் துணை என்று கேட்டு, சபையில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். "புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு எங்க வீட்டிலிருந்து வரும்" என்று சொல்லுங்கள்.

காகிதம், பணம், ரத்தம்

படித்த ஒருவர் கூட நின்றாலே பாதிச் சுமை இறங்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். சிகிச்சைக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையிலேயே திட்டத்துக்கான கவுண்டரில் கேட்கலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு ஒருவர் அலைய வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுங்கள்.

ரத்தம் கேட்டால் 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. சபை வாலிபர்களின் ரத்த வகையை எழுதி ஒரு பட்டியல் வைத்திருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அதன் அருமை தெரியும்.

பண உதவியைக் கூட்டத்தின் முன் கவரில் போட்டுக் கொடுக்காதீர்கள். போட்டோவும் வேண்டாம். மருந்துக் கடையிலோ கேன்டீனிலோ நேராகக் கட்டிவிடலாம், சமாரியன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்த மாதிரி. எவ்வளவு என்று நோயாளிக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பெரிய தொகை என்றால் சபைக் கணக்கு வழியாகப் போகட்டும், உங்கள் சொந்தக் கையிலிருந்து வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில கிராமச் சபைகளில் பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துச் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. அப்படி ஒரு சின்ன நிதியை நோயாளிகளுக்கென்றே தனியாக வைத்திருக்கும் சபையில் ஊழியம் சுலபம்.

கேட்டது உங்களோடு

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எத்தனையோ வம்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. "சகோதரிக்கு கர்ப்பப்பையில் கட்டி, ஜெபிக்கவும்" என்று இருநூறு பேருக்கு அனுப்பும் முன் அந்தச் சகோதரியிடம் கேட்டீர்களா? நோயின் பெயர், ரிப்போர்ட், குடும்பச் சண்டை, பணக் கஷ்டம் எதையும் அனுமதியில்லாமல் சொல்லாதீர்கள். ஆயரிடம் சொல்ல வேண்டுமானாலும் "ஐயாவிடம் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அதை இரகசியமாக வைக்கக் கூடாது. பயந்துபோய்ப் பேச்சை மாற்றாதீர்கள், "அது பாவம்" என்று அடக்கவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல், குடும்பத்தில் நம்பகமான ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ இலவசமாகப் பேசலாம்.

இரண்டாவது முறை

முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் யாரும் வர மாட்டார்கள். அப்போதுதான் வேலை போயிருக்கும், கடன்காரர் வந்திருப்பார், நடக்கப் பழகும் கால் வலிக்கும். துக்க வீட்டிலும் இதே கதைதான். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பின், இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் ஏற வேண்டும். துணைக்குத்தான் ஆள் இருக்காது.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், போன தேதி, அவர் கேட்ட விஷயம், அடுத்து போக வேண்டிய நாள். நோயின் விவரம் எழுதாதீர்கள், நோட்டு தொலையலாம். "மறுபடி வரேன்" என்று சொன்னால் நாளைச் சொல்லுங்கள், அந்த நாளில் போங்கள். முடியாதென்றால் அன்று காலையே போன் செய்துவிடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு குடும்பங்களுக்கு மேல் ஏற்காதீர்கள். அதற்கு மேல் வந்தால் கூட வருகிறவரிடம் பிரித்துக் கொடுங்கள். அப்படி மாற்றிவிடும்போது முதல் முறை நீங்களும் கூடப் போய், "அக்கா, அடுத்த வாரத்திலிருந்து இவங்க வருவாங்க" என்று அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள்.